பதினொரு வினாடிக் குரலும் என் கையொப்பமும்

மொழிபெயர்ப்பது எப்படி என்று புதிதாகச் சேவைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தரப்போவதில்லை. அது தெரியாவிட்டால் நீங்கள் பரீட்சையில் தேறியிருக்க மாட்டீர்கள். முத்திரையை எங்கே குத்துவது, மூலப்பிரதியை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்பதையெல்லாம் அலுவலகத்தில் காட்டித் தருவார்கள். நான் சொல்ல வந்தது, திருகோணமலையில் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த கடைசி வருடங்களில் ஒரு மனிதரைப் பதினேழு நாள் விளக்கமறியலில் சிறை வைத்த கதை. வைத்தது நீதவான்; சட்டப்படிதான் வைத்தார். ஆனால் நான் கையொப்பமிட்டுக் கொடுத்த தாளை வாசித்துவிட்டுத்தான் வைத்தார்.

அந்த மனிதரின் பெயர் யோகராசா. சல்லி என்ற கரையோர ஊரில் படகு எஞ்சின் திருத்துகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கும் அங்கே மீனவர் சங்கத்தின் செயலாளராக இருந்த பரமலிங்கம் என்பவருக்கும் நெடுநாளாகப் பகை. பரமலிங்கம் சங்கத் தேர்தலை நடத்தாமல் இழுத்தடிக்கிறார் என்பது யோகராசாவின் குற்றச்சாட்டு. யோகராசா ஊரைக் கிளப்பிவிடுகிறார் என்பது பரமலிங்கத்தின் குற்றச்சாட்டு. இரண்டும் உண்மையாக இருந்திருக்கலாம்.

ஒரு நாள் காலையில் பரமலிங்கம் கரையில் இரண்டு படகுகளுக்கு நடுவே மண்டை உடைந்து கிடந்தார். நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடித்ததை யாரும் பார்க்கவில்லை. அன்று மத்தியானமே பரமலிங்கத்தின் தம்பி பொலிஸுக்குப் போய்த் தன் கைத்தொலைபேசியில் ஒரு குரல் மெசேஜைப் போட்டுக் காட்டினார். சங்கத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்த குழுவொன்றில் முதல் நாள் பின்னேரம் யோகராசா அனுப்பியது. பதினொரு வினாடி. அது இதுதான்:

“நாளைக்கு அவற்ற கதைய முடிச்சுப்போட்டுத்தான் மற்ற வேலை. இனியும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.”

இதைக் கேட்டதும் உங்களில் சிலர் ஒன்றை நினைத்திருப்பீர்கள், சிலர் மற்றதை. தயவுசெய்து இப்போதைக்கு வாயைத் திறக்க வேண்டாம்.

அன்றே யோகராசாவைக் கைதுசெய்தார்கள். மறுநாள் சந்தேக நபரை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டும். பொலிஸ் அறிக்கை சிங்களத்தில் இருக்கும். அப்போதிருந்த நீதவான் தெற்கிலிருந்து வந்தவர். எளிமையான தமிழ் அவருக்கு விளங்கும், ஆனால் சான்றை வாசிப்பது சிங்களத்தில்தான். ஆகவே அந்தப் பதினொரு வினாடியைச் சிங்களத்தில் எழுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். அன்று கடமையில் இருந்தது நான்.

விசாரணை செய்த பொலிஸ் உப பரிசோதகர் இளம் மனிதர். மரியாதையானவர். தமிழ் வகுப்புக்குப் போய்ப் படித்தவர். நீதிமன்ற விறாந்தையில் என்னைப் பிடித்தார். கையில் அச்சிட்ட ஒரு தாள்.

“மிஸ், உங்களுக்கு வேலை வைக்கேல்ல. போனில மொழிபெயர்க்கிற செயலி இருக்குத்தானே, அதில போட்டு எடுத்தது. நான் படிச்சுப் பாத்தனான். சரி மாதிரித்தான் இருக்கு. நீங்க ஒருக்காக் கேட்டுப் பாத்து சைன் வைச்சாப் போதும். நீதவான் ஐயா இருக்கைக்கு வந்திட்டார்.”

தாளை வாங்கி வாசித்தேன். ‘நாளை அவனைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இனிமேல் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது’ என்பது அந்தச் சிங்களத்தின் பொருள். வசனம் ஒழுங்காக இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எழுத்துப்பிழை இல்லாத தாளை நம்புவது நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

பிறகு அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டேன். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. விறாந்தையில் ஒரு குழந்தை அழுதது. இரண்டாம் முறை போடச் சொன்னேன். தாளில் இருந்ததைத்தான் குரலும் சொன்னது போலிருந்தது. ‘அவனை’ என்று வந்ததை மட்டும் ‘அவரை’ என்று பேனாவால் திருத்தினேன். திருத்தியபோது மிகக் கவனமாக வேலை செய்கிறேன் என்ற திருப்தி எனக்கு இருந்தது. கையொப்பம் வைத்தேன். எல்லாமாக ஆறேழு நிமிடம்.

பதினான்கு நாள் விளக்கமறியல் என்று நீதவான் கட்டளையிட்டார். யோகராசா கூண்டில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். சட்டத்தரணி மூலம் சொல்லும்படி சொன்னார்கள். அன்று அவருக்குச் சட்டத்தரணி இல்லை. நான் அடுத்த வழக்கின் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் எனக்கு அரை நாள் விடுமுறை. என் காணி உறுதிப் பத்திரம் ஒன்றின் பிரதியைப் பெற ஒரு காரியாலயத்துக்குப் போயிருந்தேன். அங்கே எழுதுவினைஞராக இருந்தவர் குறிஞ்சாக்கேணிப் பெண். நானும் கிண்ணியாப் பக்கம் பிறந்தவள் என்பதால் என்னை அக்கா என்ற முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. நாளைக்கு வரவா என்று கேட்டேன். அவர் கோப்புகளைப் புரட்டியபடியே சொன்னார்:

“கதிரையில இரிங்க ராத்தா. உங்கட கதைய முடிச்சிட்டுத்தான் நான் சோத்துக்குப் போவன்.”

நான் கதிரையில் இருந்தேன். அவர் என் கதையை முடித்தார். பிரதியை உறையில் போட்டுத் தந்தார். எனக்கு ஒரு காயமும் இல்லை.

காரியாலய வாசலில் நின்று அந்த வசனத்தை மனதுக்குள் சிங்களத்தில் போட்டுப் பார்த்தேன். செயலி சொன்னபடி போட்டால், அந்தப் பெண் என்னைக் கொன்றுவிட்டுச் சாப்பிடப் போகிறாள்.

நம் ஊரில் கதை என்றால் பேச்சு. ஒரு விடயம், ஒரு விண்ணப்பம், ஒரு பிணக்கு, எல்லாமே கதைதான். கலியாணப் பேச்சும் கதைதான். இது எனக்குத் தெரியாத சங்கதியா? பிறந்த நாள் முதல் அப்படித்தான் கதைக்கிறேன். கதையை முடிப்பது என்றால் ஆளை முடிப்பது என்ற மற்றப் பொருளும் எனக்குத் தெரியும். படம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தச் செயலி எந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்ததோ, அதற்கு அந்த ஒரு பொருள்தான் தெரிந்திருந்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. அது சத்தியப்பிரமாணம் எடுக்கவில்லை.

என் பிழை எங்கே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். நான் முதலில் தாளை வாசித்தேன், பிறகு குரலைக் கேட்டேன். அந்த ஒழுங்குதான் பிழை. கண் ஒருமுறை வாசித்துவிட்டால் காது அதையே கேட்கும். ஐம்பது தரம் போட்டிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். இந்த ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் எழுதத் தேவையில்லை.

அடுத்த நாள் எங்கள் முதலியாரிடம் போனேன். நீதிமன்ற உரைபெயர்ப்பாளரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். என்னைவிட இரண்டு வருடம் சேவையில் மூத்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இப்ப அந்தாளுக்குச் சட்டத்தரணி வைச்சாச்சோ?”

“வைச்சிருக்கினம். ஒரு பிள்ளை. புதுசு.”

“அப்ப அந்தப் பிள்ளை கேக்கட்டும். கேட்டா, ரெண்டு பொருளும் வரும் எண்டு சொல்லுங்கோ. நீங்களாப் போய்ச் சொன்னா, நீங்கள் சைன் வைச்ச எல்லாத்தையும் திருப்பி இழுப்பினம். உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு?”

“பதினொரு மாதம்.”

“பாருங்கோவன்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் எதுவும் பொய்யாகவும் இல்லை. நான் சொன்னேன்: “அந்தப் பிள்ளை கேக்காட்டி?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “எழுதித் தாங்கோ. பதிவாளரிட்ட நான் குடுக்கிறன். நீங்கள் குடுத்தா அவர் முதல்ல உங்களைத்தான் பாப்பார், கடிதத்தை இல்லை.”

நான் கொடுத்த மொழிபெயர்ப்பு ஆளை முடிப்பது என்ற ஒரு பொருளை மட்டும் தருகிறது, அவரின் விடயத்தைப் பேசி முடிப்பது என்ற பொருளும் உண்டு, அந்த மொழிபெயர்ப்பு கருவியால் செய்யப்பட்டது, நான் அதைத் தகுந்தபடி சரிபார்க்கவில்லை என்று எழுதினேன். ‘தகுந்தபடி’ என்ற சொல்லைப் போட்ட பிறகு வெட்டினேன். சரிபார்க்கவில்லை என்பதே போதும்.

பதினான்காம் நாள் வழக்கு எடுக்கப்பட்டது. யோகராசாவை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவில்லை. சிறைச்சாலையிலிருந்து திரையில் காட்டினார்கள். அவருக்குப் பின்னால் நீல நிறச் சுவர். குரல் ஒரு வினாடி பிந்தி வந்தது. அவர் மனைவி சுகந்தி கடைசி வாங்கில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதவான் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நாற்பது பேர் இருந்த மண்டபம். எத்தனையோ சாட்சிகளுக்கு அந்தக் கூண்டின் பக்கத்தில் நின்று உரைபெயர்த்திருக்கிறேன். அதற்குள் ஏறியது அதுதான் முதல் தடவை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கிறது. எதற்கு என்று அன்று விளங்கியது.

“இந்த இரண்டில் எது சரி?” என்று நீதவான் கேட்டார்.

அந்த இடத்தில் எனக்கு வந்த ஆசையை மறைக்காமல் சொல்கிறேன். ‘இது வெறும் பேச்சைப் பற்றியது, ஐயா, இந்த மனிதர் குற்றமற்றவர்’ என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்னால் அவர் அன்றே வெளியே வரலாம். என் மனமும் லேசாகும். ஆனால் அது முதலில் செய்த அதே பிழையை மறுபக்கம் திருப்பிச் செய்வது.

“இரண்டும் சரியான தமிழ்” என்றேன். “அவர் சொன்னதைத்தான் நான் சொல்லலாம். எதை நினைத்துச் சொன்னார் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இதற்கு முன்னும் பின்னும் அந்தக் குழுவில் பேசப்பட்டதைக் கேட்டால் நீதிமன்றத்துக்கு விளங்கலாம். எனக்கு இந்த ஒன்றைத்தான் தந்தார்கள்.”

“இதை நீங்கள் பதினான்கு நாளுக்கு முன்பு சொல்லியிருக்கலாம்.”

“ஓம்” என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் திரையும் உறைந்தது. யோகராசாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. அவர் ஏதாவது சொன்னாரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தொடர்பு திரும்பி வந்தபோது அவர் வாயை மூடியிருந்தார்.

குழுவில் பரமலிங்கம் காயப்பட்ட அன்றும் அதற்கு முதல் நாளும் போன எல்லா மெசேஜ்களையும் மூன்று நாளுக்குள் மொழிபெயர்த்துத் தரும்படி கட்டளை வந்தது. அதுவரை விளக்கமறியல் நீடிக்கும். அந்த மூன்று நாளையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நாற்பத்து மூன்று மெசேஜ். இந்த முறை எந்தத் தாளையும் வாசிக்காமல், ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். யோகராசாவின் பதினொரு வினாடிக்கு முன்னால் வேறொருவர் கேட்டிருந்தார்: “நாளையான் கூட்டத்தில செயலாளற்ற கதையும் வருமோ?” அதற்குத்தான் யோகராசா பதில் சொல்லியிருந்தார். மறுநாள் பின்னேரம் சங்க மண்டபத்தில் உண்மையாகவே கூட்டம் இருந்தது. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். மனிதர் தப்பினார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து இருந்து, அந்தப் பதினொரு வினாடிக்கு முந்தி அதே நாள் மத்தியானம் யோகராசா அனுப்பியிருந்த இன்னொன்றைக் கேட்டேன். “அந்தாளின்ர முகத்தைக் கண்டா எனக்குக் கை தன்பாட்டில எழும்புது.”

இதற்கு இரண்டாவது பொருள் இல்லை. தேடிப் பார்த்தேன்.

யோகராசாவின் சட்டத்தரணியான அந்தப் பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டது. எப்படியோ அந்த மெசேஜைப் பற்றி அறிந்திருந்தது.

“மிஸ், அது வேற நேரத்தில அனுப்பினது. எங்கட பிரச்சினைக்குச் சம்பந்தமில்லை எண்டு விடலாமோ?”

“சம்பந்தமில்லை எண்டு நீங்கள் நீதவானிட்டச் சொல்லுங்கோ, தங்கச்சி. நான் எழுதாமல் விட ஏலாது.”

“நீங்கள்தானே எல்லாத்தையும் கேக்கச் சொன்னது.”

“ஓம். அதனாலதான்.”

பதினேழாம் நாள் நாற்பத்து மூன்றையும் ஒப்படைத்தேன். நீதவான் இருபது நிமிடம் வாசித்தார். பிணை கொடுத்தார். அந்தக் கை எழும்பும் வசனத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்ததையும் பார்த்தேன். வெளியே விறாந்தையில் சுகந்தி என் முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“நீங்கள் எங்களுக்கு உதவி செய்யத்தான் எழும்பிச் சொன்னனீங்கள் எண்டு நினைச்சனான்.”

“நான் உதவி செய்ய வரேல்ல, அம்மா.”

“அப்ப ஆருக்காக வந்தனீங்கள்?”

நீதிமன்றத்துக்காக என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற பதில் எனக்குத் தெரியும். பதினேழு நாள் புருஷனைக் காணாமல் இருந்த பெண்ணிடம் அதைச் சொல்லக்கூடாது என்றும் தெரியும். அவர் பிணைத் தாளில் கையொப்பம் வைக்கப் போனார்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலியார் சொன்னபடியே நடந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கு முந்திய மூன்று மாதத்தில் நான் ஒப்பமிட்ட எல்லாவற்றையும் வேறொருவர் திருப்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு பிழை அகப்பட்டது. ஒன்று வீட்டு இலக்கம். மற்றது, மருமகன் என்று எழுத வேண்டிய இடத்தில் மைத்துனன். அந்த இரண்டையும் நான் எந்தக் கருவியின் உதவியும் இல்லாமல், முழுக்க என் சொந்த முயற்சியில் செய்திருந்தேன். உப பரிசோதகர் ஒரு நாள் வந்து மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டார் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

உங்கள் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கிறது. கருவி பயன்படுத்தப்பட்டதா, ஆம் எனில் மூலத்தை மொழிபெயர்ப்பாளர் தாமே முழுதாகக் கேட்டாரா என்று கேட்கும். அதை நீங்கள் பார்க்காமலே சரி அடையாளம் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் போட்டிருப்பேன். தொலைபேசிச் சான்றென்றால் யாருடைய கருவி, யார் எடுத்தது, இடையில் யார் கை பட்டது என்று சட்டம் அப்போதே கேட்டது. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனது ஆளா கருவியா என்று கேட்க எங்கள் படிவத்தில் இடம் இருக்கவில்லை. இந்த வழக்குக்குப் பிறகு நீதவான் கேட்கத் தொடங்கினார், பதிவாளர் படிவத்தில் சேர்த்தார். சட்டம் மாறுவது என்றால் பெரிய மண்டபத்தில் கை உயர்த்தி மாற்றுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு எழுதுவினைஞர் ஒரு தாளின் அடியில் ஒரு கட்டம் கீறுவதும் அதுதான்.

பரமலிங்கம் பிழைத்தார். கரைக்கு இறங்கியது நினைவிருக்கிறது, அடுத்த நினைவு ஆஸ்பத்திரிக் கூரைதான் என்றார். அடி பட்டும் அப்படி உடையலாம், படகின் விளிம்பில் விழுந்தும் உடையலாம் என்று வைத்தியர் எழுதினார். அடுத்த வருடம் சான்று போதாது என்று யோகராசாவை விடுவித்தார்கள். யாராவது அடித்தார்களா என்பது இன்றும் தெரியாது. சங்கத் தேர்தல் நடந்தது. இருவரும் தோற்றார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருந்து சிறு வேலைகள் செய்து கொடுத்தேன். ஒரு நாள் காலை யோகராசா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள், பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும் என்றார்.

“ரவுணில எத்தினையோ பேர் செய்யினம்” என்றேன்.

“தெரியும், மிஸ். நீங்கள் ஒண்டையும் விடமாட்டீங்கள் எண்டுதான் வந்தனான்.”

அது பாராட்டா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கதிரையைக் காட்டினேன். சான்றிதழை விரித்து வைத்தேன். சேவையில் இருந்த காலத்தில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. இப்போது நான் சேவையில் இல்லை.

“அண்டைக்கு அந்த மெசேஜை அனுப்பேக்க என்ன நினைச்சு அனுப்பினனீங்கள்?”

அவர் தன் எஞ்சின் எண்ணெய் ஊறிப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அடிக்கேல்ல. அது சத்தியம்.”

“அதை நான் கேக்கேல்ல.”

“கூட்டத்தை நினைச்சுத்தான் கதைக்கத் தொடங்கினனான், மிஸ். கதைச்சு முடிக்கேக்க கூட்டம் ஞாபகத்தில இல்லை. அந்தாளின்ர முகம்தான் இருந்தது. விடிய எழும்பேக்க கோவம் போயிட்டுது. ஆனா அந்தப் பதினொரு செக்கனும் எந்தக் கதையைச் சொன்னனான் எண்டு எனக்கே தெரியேல்ல. மறியலில இருந்து அதைத்தான் யோசிச்சனான்.” பிறகு சொன்னார்: “கோட்டில எல்லாரும் ஏதோ ஒண்டைத்தான் சொன்னவை. ரெண்டும் எண்டு சொன்னது நீங்கள் மட்டும்தான்.”

பேனாவை எடுத்தேன். மகளின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். அவர் சொன்னார். இன்னொரு முறை, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக எழுதினேன்.